சடுதி மரணம் நல்ல மரணமா?

செத்தவீட்டுப் பந்தலின் கீழ் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. இறந்தவர் நாற்பத்தைந்து, ஐம்பது வயதான ஒரு குடும்பத் தலைவர். முதல் நாள் மாலை வரை கடலுக்குப் போய் வந்தவர், அல்லது தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியவர். இரவு நெஞ்சு நோகிறது என்றார். வாய்வாக இருக்கும் என்று இஞ்சித் தேநீர் வைத்துக் கொடுத்தார்கள். விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பந்தலில் வெற்றிலைத் தட்டம் சுற்றி வருகிறது. பெரியவர் ஒருவர் சொல்கிறார்: "குடுத்து வைச்ச மனிசன். பாயிலை கிடந்து அழுந்தாமல், ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போயிட்டார். நல்ல சாவு." சுற்றியிருப்பவர்கள் தலையை அசைக்கிறார்கள். உள்ளே மூன்று பிள்ளைகளை அணைத்தபடி இருக்கும் அந்தத் தாயிடம் எவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

அன்பான வாசகரே, அந்தப் பெரியவரைக் குறைகூற நான் வரவில்லை. துக்க வீட்டில் ஏதாவது ஆறுதல் சொல்லத்தானே வேண்டும்? ஆனால் எங்கள் முன்னோர் இதை நல்ல சாவு என்று எண்ணியதில்லை. சகல அர்ச்சிஷ்டவர்களின் பிரார்த்தனையைச் சொல்லும்போது, சடுதியாகவும் ஆயத்தமின்றியும் வரும் மரணத்திலிருந்து தங்களைக் காக்கும்படி அவர்கள் முழந்தாளில் நின்று மன்றாடினார்கள். இயேசுவும் மரியன்னையும் அருகிருக்கக் கண்மூடியவர் என்ற மரபின்படி சூசையப்பரை நன்மரணத்தின் பாதுகாவலராக வைத்தார்கள். அவர்களுக்கு நன்மரணம் என்பது நோவில்லாத மரணமல்ல. பகைத்தவரோடு சமாதானமாகி, கடனைத் தீர்த்து, தேவதிரவிய அநுமானங்களைப் பெற்று, பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்துப் போகும் மரணமே அது.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. எந்த மரணத்திலிருந்து எங்களைக் காக்கும்படி ஆண்டவரைக் கேட்கிறோமோ, அந்த மரணத்தை விலக்க எங்கள் கையால் ஆனதைச் செய்யும் கடமையும் எங்களுக்கு இல்லையா? நாற்பத்தைந்து வயதில் வரும் மாரடைப்புகளில் பல தடுக்கக் கூடியவை என்று இன்று தெரிந்திருக்கிறது. தடுக்கக் கூடியதைத் தடுக்காமல் விட்டால் அது யாருடைய குற்றம்? இறந்தவருடையதா, குடும்பத்தினுடையதா, ஊரினுடையதா? அல்லது எல்லாவற்றையும் ஆண்டவனின் சித்தம் என்று அவர்மேல் போட்டுவிடலாமா?

ஒரு நாட்டுப்புறத்தின் கதை

இதற்கு விடை தேடுமுன், தூரதேசத்து நாட்டுப்புறம் ஒன்றின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். பின்லாந்து நாட்டின் கிழக்கெல்லையில் வட கரேலியா என்றொரு மாகாணம் இருக்கிறது. காடும் ஏரியும் நிறைந்த பூமி. 1970ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 180,000 மக்கள் வாழ்ந்தார்கள். மரம் தறிப்பதும் பசு வளர்ப்பதும் அவர்களின் முக்கிய தொழில்கள். கோடரி பிடித்துக் காய்த்த கைகளும் உரம் ஏறிய தோள்களும் கொண்ட ஆண்கள். பார்ப்பவர்கள், இவர்களுக்கா நோய் என்பார்கள். ஆனால் அந்த ஆண்கள் நடுத்தர வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள்.

அன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958இல் ஆரம்பித்த ஏழு நாடுகளின் ஆய்வு இதை உலகுக்கு எடுத்துக் காட்டியது. ஆராயப்பட்ட இடங்களுக்குள் இருதய நோயினால் மிக அதிகமானோர் மாண்டது கிழக்குப் பின்லாந்தில். கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரேத்தா தீவின் கிராமத்தவர்களோ மிகக் குறைவாகவே மாண்டார்கள். இரு பகுதியாரும் உடலால் உழைப்பவர்களே. ஆகவே "நாங்கள் உழைக்கிற சனம், எங்களுக்கு இது வராது" என்ற நம்பிக்கை பொய் என்பது அன்றே வெளியாயிற்று. கரேலியரின் சாப்பாட்டில் பட்டரும் கொழுத்த பாலும் பன்றியிறைச்சியும் உப்பும் மிகுந்திருந்தன. மரக்கறியும் பழமும் அருமை. ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் புகைபிடித்தார்கள். பலருக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தது. ஆனால் அது அவர்களுக்கே தெரியாது.

1971 ஜனவரியில் மாகாணத்தின் ஆளுநரும் பாராளுமன்ற உறுப்பினர்களும் சங்கங்களின் பிரதிநிதிகளும் கையொப்பமிட்டு, எங்கள் மக்கள் மடிகிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. பொறுப்பேற்றவர் முப்பது வயதும் ஆகாத டொக்டர் பெக்கா புஸ்கா.

அவர் செய்ததைக் கவனியுங்கள். பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதில் அவர் தொடங்கவில்லை. தனித்தனி மனிதரை அழைத்துக் கண்டிக்கவும் இல்லை. முழு ஊரையும் மாற்றாமல் ஒரு மனிதனை மாற்ற முடியாது என்று அவர் கண்டார். ஆகவே பாடசாலைக்கும் பாற்சாலைக்கும் இறைச்சித் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போனார். அந்நாட்டில் 1899இல் தோன்றிய பெண்கள் சங்கம் ஒன்று உண்டு. பெத்தானியாவில் ஆண்டவருக்குப் பணிவிடை செய்த மார்த்தாளின் பெயர் கொண்டது அது. அச்சங்கப் பெண்கள் ஊர் ஊராகக் கூடி, பரம்பரைக் கறியையே கொழுப்பையும் உப்பையும் குறைத்து மரக்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். ஊரில் மதிப்புள்ள சாதாரண மனிதர் பலரைத் தெரிந்தெடுத்து, அயலவரோடு பேசப் பழக்கினார்கள். புகைபிடிப்பதை விட்டவர்களை ஊர் பாராட்டியது. பின்னாளில் கிராமத்துக்குக் கிராமம் போட்டிகூட வைத்தார்கள். எந்தக் கிராமம் இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலைக் கூடுதலாகக் குறைக்கிறதோ அதற்கே பரிசு.

எதிர்ப்பும் இருந்தது. பட்டர் விலைப்படாவிட்டால் பசு வளர்ப்பவன் எப்படிப் பிழைப்பான்? நியாயமான கேள்வி. ஒருவனுடைய உயிரைக் காக்க மற்றவனுடைய சோற்றைப் பறிக்கலாமா? அதற்கும் வழி தேடினார்கள். 1980களின் நடுப்பகுதியில், அந்தக் குளிர்நாட்டில் நன்றாக விளையும் சிறு பழவகைகளைப் பயிரிடும்படி பால் பண்ணையாளருக்கு அரசாங்கத்தின் உதவி கிடைத்தது.

பலன் என்ன? 1972இல் ஆண்களில் 52 சதவீதம் புகைத்தார்கள். 1997இல் 31 சதவீதம். 35 முதல் 64 வயது வரையான ஆண்களில் இருதய நோயினால் இறந்தவர் தொகை, தொடக்கத்தில் இருந்ததிலும் பார்க்க 2006ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் பின்லாந்து முழுவதிலும் இந்நோய் குறைந்தது, வைத்தியமும் முன்னேறியது என்பதையும் சொல்லவேண்டும். எனினும் பெரும் பங்கு வாழ்க்கை முறையின் மாற்றத்துக்கே உரியது. வட கரேலியாவின் ஆண்டவன் சித்தத்தை மாற்றிக்கொண்டாரா? இல்லை. மக்கள் தங்கள் அடுப்படியை மாற்றினார்கள்.

"நாள் வந்தால் போகத்தானே வேணும்"

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். இலங்கை ஆஸ்பத்திரிகளில் நிகழும் மரணங்களுக்கு முதற்காரணமாகப் பல ஆண்டுகளாக நிற்பது இருதய நோயே. புத்திமதி சொன்னால் எங்களவர் தரும் முதல் மறுமொழி, "நாள் வந்தால் போகத்தானே வேணும்" என்பது. இது விசுவாசம் போலத் தோன்றுகிறது. ஆனால் விசுவாசமா?

கடற்றொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். போகுமுன் சிலுவை அடையாளம் போடுகிறார். அந்தோனியாரை வேண்டுகிறார். ஆனாலும் வள்ளத்தில் ஓட்டை இருந்தால் அடைத்த பின்பே தள்ளுகிறார். ஓட்டை வள்ளத்தில் ஏறிக்கொண்டு, "நாள் வந்தால் தாழும்" என்று அவர் சொல்வதில்லை. சொன்னால் அதை விசுவாசம் என்று நாம் மெச்சவும் மாட்டோம். தேவாலய உச்சியிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதிக்கப்பட்டபோது, அப்படித் தந்தையைச் சோதிக்க ஆண்டவர் மறுத்தார். வள்ளத்துக்கு ஒரு நீதி, சரீரத்துக்கு வேறொரு நீதியா? இரண்டும் எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவைதானே?

யாருடைய குற்றம்?

ஞானோபதேச வகுப்பில் நாம் படித்தது ஞாபகமிருக்கும். ஒரு செயல் சாவான பாவமாவதற்குக் கனமான விஷயமும் முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், மாரடைப்பால் இறந்தவனைப் பார்த்து "தன்னாலேயே செத்தான்" என்று சொல்ல எங்கள் வாய் எழாது. அவனுக்கு முழு அறிவு இருந்ததா? இரத்த அழுத்தம் நோவையோ காய்ச்சலையோ தருவதில்லை. அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. முழுச் சம்மதம் இருந்ததா? பதினாறு வயதில், தொழிலுக்குப் போன முதல் நாளே, மூத்தவர்கள் பீடியை நீட்டி "இழு, குளிர் போகும்" என்றார்கள். அன்று பிடித்தது அவனை விடவில்லை. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கிறிஸ்தவ அன்பு அல்ல. அங்கே அவனோடு ஏறவேண்டியவர்கள் பலர் வெளியே நிற்கிறார்கள். சிலருக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தும் பரம்பரைக் கூறினால் இந்நோய் வருவதுண்டு என்பதையும் மறக்கலாகாது.

ஆனால் அறியாமை தீர்ந்த பின்பு? அறிந்தவர்களுக்குக் கடமை பிறக்கிறது. செய்த பாவம் மட்டுமல்ல, செய்யாது விட்டதும் பாவம் என்று ஒவ்வொரு பூசையிலும் நாம் மார்பில் தட்டி ஏற்றுக்கொள்கிறோம். பீடியை நீட்டிய மூத்தவர், பள்ளிப் பிள்ளைக்குச் சிகரெட் விற்கும் கடைக்காரர், வீட்டுக்குள் புகைத்து மனைவியும் குழந்தையும் அதைச் சுவாசிக்கச் செய்யும் தகப்பன் ஆகிய எல்லோரும் தங்கள் ஆத்துமசோதனையில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு இவற்றை விற்பதைத் தடை செய்திருக்கிறது. அச்சட்டம் இல்லாவிட்டாலும் கொலையைத் தடுக்கும் ஐந்தாம் கட்டளை இருக்கத்தான் செய்கிறது. காயீன் கேட்ட கேள்விக்கு அவன் எதிர்பார்த்த மறுமொழி "இல்லை" என்பது. ஆண்டவரின் மறுமொழி அதுவல்ல.

சரீரத்தைப் பேணுவது சுயநலமா?

இன்னொரு தடை இருக்கிறது. "ஆத்துமந்தான் பெரிது, அழியப்போகிற உடம்புக்கு ஏன் இவ்வளவு கவலை? வேதசாட்சிகள் உயிரையே கொடுக்கவில்லையா?" என்று பக்தியுள்ளவர்கள் கேட்பார்கள். கொடுத்தார்கள், உண்மை. ஆனால் கொடுப்பது வேறு, வீணாக எறிவது வேறு. வேதசாட்சி தன் உயிரைவிடப் பெரிய ஒன்றுக்காக அதைக் கொடுத்தார். நாம் எதற்காகக் கொடுக்கிறோம்? உப்புக் கருவாட்டுக்காகவா, மூன்றாம் முறை கொதித்த எண்ணெயில் பொரித்த வடைக்காகவா?

1992இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இதைத் தெளிவாகப் போதிக்கிறது. உயிரும் உடல்நலமும் கடவுள் எங்களிடம் ஒப்படைத்த கொடைகள். பிறருடைய தேவையையும் பொதுநலத்தையும் மனத்திற்கொண்டு அவற்றை நியாயமான அளவில் பேணவேண்டும். அதற்கு உதவுவது சமுதாயத்தின் பொறுப்பு. உணவிலும் மதுவிலும் புகையிலையிலும் மிதமிஞ்சுதல் தவறு. அதே ஏடு மறுபுறத்தையும் எச்சரிக்கிறது: உடலே எல்லாம் என்று அதை விக்கிரகமாக்குவதும் தவறு. கண்ணாடி முன்னின்று தன் அழகுக்காகப் பட்டினி கிடப்பவரையோ, ஒவ்வொரு கவளத்துக்கும் அஞ்சி நடுங்குபவரையோ திருச்சபை முன்மாதிரியாகக் காட்டவில்லை. எங்கள் பாட்டிமார் தலையான பாவங்களை ஒப்புவிக்கும்போது போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் "மட்டசனம்" என்பார்கள். அளவறிந்து உண்பதே மட்டசனம். அந்த ஒரு பழைய சொல்லுக்குள் இன்றைய வைத்தியர் சொல்வதில் பாதி அடங்கிவிடுகிறது.

இங்கே தாய்மாருக்கு ஒரு வார்த்தை. இருதய நோய் ஆண்களின் நோய் என்று எண்ணவேண்டாம். எல்லோருக்கும் பரிமாறிய பின் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டு, "எனக்கென்ன, நேரமில்லை" என்று கிளினிக்குக்குப் போகாமலே இருந்துவிடுகிறீர்கள். உங்கள் தியாகம் பெரிது. ஆனால் நீங்கள் விழுந்தால் அத்தியாகத்தின் பலன் யாருக்கு? தன்னை நேசிப்பதுபோல் அயலானை நேசிக்கவேண்டும் என்பது ஆண்டவரின் கற்பனை. அதில் "தன்னை" என்பதும் இருக்கிறதல்லவா?

எங்கள் பங்கு என்ன செய்யலாம்?

கிராமத்தவருக்கு இது நீதியின் பிரச்சினையுமாகும். பட்டினவாசிக்கு நெஞ்சுநோ வந்தால் பெரியாஸ்பத்திரி அருகில் இருக்கிறது. தீவுப் பகுதியில், வன்னியின் உட்கிராமத்தில், கரையோரக் குடியிருப்பில் இருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் தூரத்தில் கரைகிறது. மருந்து எட்டாத இடத்தில் தடுப்பே முதல் மருந்து. வசதியானவனுக்கு அது நல்ல பழக்கம். ஏழைக்கு அதுவே அரண்.

நல்ல காலமாக, அதற்கு வேண்டியவற்றுள் பல இலவசமே. 2011 முதல் எங்கள் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டு வந்திருக்கின்றன. நோயற்றவர்களாகத் தோன்றுபவர்களின் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் கட்டணமின்றிப் பார்ப்பதே அவற்றின் வேலை. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் போகவேண்டும். வரிசையில் நிற்பவர்களில் ஆண்கள் அருமை என்பதே கவலை. தம்பதிகளாகப் போங்கள். திருமண நாளன்று போய் வந்தாலும் நல்லதே.

உப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் பாணிலும் மிக்சரிலும் ஒளிந்திருப்பதும் இக்கணக்கில் சேரும். தேங்காயை நாம் கைவிடத் தேவையில்லை. ஆனால் முதற்பாலைக் குறைத்துச் சொதி வைக்கலாம், பொரியலைக் கிழமையில் ஒருநாள் ஆக்கலாம். முருங்கையிலையும் வல்லாரையும் குரக்கனும் சின்ன மீனும் எங்கள் மண்ணும் கடலும் தந்தவை. அவற்றை ஏழையின் சாப்பாடு என்று நாணுவது எங்கள் அறிவீனம். புகைப்பதை நிறுத்தி ஒரு வருடமானால், புகைப்பவனுக்கு உள்ள இருதய நோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது. ஐம்பது வயதிலும் மனந்திரும்பப் பிந்தவில்லை.

பங்கின் வேலையும் இருக்கிறது. தவக்காலத்தில் இறைச்சியை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகப் பெரிய மீனைப் பொரித்து விருந்தாக்குகிறோம். இந்த ஆண்டு ஒறுத்தலாகச் சிகரெட்டை நாற்பது நாள் விட்டுப் பாருங்கள். மிச்சம் பிடித்த பணத்தை வின்சென்ற் டி போல் சபையின் உண்டியலில் போடுங்கள். உயிர்த்த ஞாயிறன்று அதை மீண்டும் கையில் எடுக்க உங்களுக்கே மனம் வராமலும் போகலாம். மாதர் சங்கத்தார் திருநாள் அன்னதானத்தில் எண்ணெயைக் குறைத்து ஒரு மரக்கறியைக் கூட்டட்டும். கரேலியாவின் மார்த்தாக்கள் செய்ததை எங்கள் மார்த்தாக்கள் செய்ய முடியாதா? விருந்தாளி போதும் என்றபின் மேலும் அள்ளி வைப்பது அன்பு என்று நினைக்கிறோம். அவருடைய "போதும்" என்ற சொல்லை மதிப்பதும் அன்புதான்.

கடைசியாக ஒன்று. நடு நெஞ்சில் பாரமான நோவு, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் வாய்வு என்று விட்டுவிடாதீர்கள். சோடாவும் இஞ்சியும் தேடி நேரம் போக்காதீர்கள். அயலவரைக் கூப்பிடுங்கள். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அதைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள். "ஆக்களைக் கரைச்சல் படுத்தக்கூடாது" என்று நள்ளிரவில் மௌனமாய் இருந்து மாண்டவர்கள் பலர். அயலானுக்குக் கரைச்சல் கொடுக்கும் உரிமையை ஆண்டவர் எங்களுக்குத் தந்திருக்கிறார். நள்ளிரவில் அப்பம் கேட்டுக் கதவைத் தட்டிய நண்பனின் உவமையை அவர் வீணாகச் சொல்லவில்லை.

எங்கள் ஒவ்வொரு வீட்டின் முன்னறையிலும் திரு இருதய ஆண்டவரின் படம் ஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது. தம் இருதயத்தை அவர் விரலால் சுட்டிக் காட்டுகிறார். அது பிறருக்காகத் திறக்கப்பட்ட இருதயம். எங்களுக்கும் ஒரு இருதயம் தரப்பட்டிருக்கிறது. நாம் உழைப்பதும் நேசிப்பதும் மன்னிப்பதும் பிள்ளைகளை வளர்ப்பதும் அது துடிக்கும் நாள்வரைதான். அந்த நாட்களின் எண்ணிக்கை ஆண்டவருடையது. அதை நாமாகக் குறைக்க எங்களுக்கு அதிகாரமில்லை. இன்றிரவு செபமாலை முடிந்ததும், படத்தின் முன் நின்றபடியே, உங்கள் வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கவேண்டியவர் யார் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். அடுத்த கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.